இங்கிலீஷில் சொன்னது

வெனிலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வருசக்கணக்காக ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளுகிற கேஸ் ஷீட்டை எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். வாயில் நுழையாத மருந்துப் பேரெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் ஒரு புது வார்த்தையை எடுத்து வாக்கியத்துக்குள் உட்கார வைக்கச் சொன்னால், அது கோணிக்கொண்டுதான் உட்காரும். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸுகள் எழுதவேண்டிய பரீட்சையில் அவளை இரண்டு தடவை கவிழ்த்ததும் அதுதான். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிடுவாள். ஒரு நோயாளியைப் பற்றி வேறொரு டாக்டருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். அதில் போய்விடும்.

அவளோடு வார்டில் வேலை செய்த செண்பகமும் அவளும் சேர்ந்து ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். ஒருநாள் வகுப்பில், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரைப் பற்றிய பயிற்சிக் கடிதம். 'அன்ரிமார்க்கபிள்' என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் சொல்லித் தந்திருந்தார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். சரி, இவருக்கு உடம்பில் பெரிதாக ஒன்றுமில்லையே என்று வெனிலா, அவர் ஒரு அன்ரிமார்க்கபிள் மனிதர் என்று எழுதிவிட்டாள். வகுப்பெடுத்தவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "அவர ஒண்ணுத்துக்கும் ஒதவாத ஆளுன்னு எழுதியிருக்கீங்க சிஸ்டர். வயித்துப் பரிசோதனை அன்ரிமார்க்கபிள்னு எழுதலாம். மனுசன எழுதக் கூடாது."

வீட்டுக்கு வந்து கண் கலங்கித்தான் புருசனிடம் சொன்னாள். அலெக்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடித்தபிறகு கேட்டான். "அப்போ கிட்னிய சொன்னா நல்ல சேதி. ஆள சொன்னா திட்டு. அப்படித்தான?"

"அப்படித்தாங்க."

"புரிஞ்சிபோச்சு. நாளையிலேருந்து தினம் ஒரு வார்த்த எனக்குக் குடு. நான் சொல்லிப் பாக்கறேன். எனக்கு வந்துட்டா உனக்கு வராமயா பூடும்?"

அலெக்ஸ் பத்தாவதோடு நின்றவன். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் சர்வீஸ் ரோட்டோரமாக லாரி எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஹெட்லைட் வயரிங். ஹைவேயில் போகிற வடக்கத்தி டிரைவர்களோடு பேசிப் பேசி இந்தி வந்துவிட்டது. தெலுங்கு கொஞ்சம் வரும். காதில் விழுந்த சொல் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகி ஒன்பது வருசமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. மயிலம் ரோட்டில் சின்ன மெத்தை வீடு. அவர்கள் இரண்டு பேரும், அலெக்ஸின் அம்மா லூர்துசெல்வியும்தான்; அவன் அக்காளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வெனிலா பரீட்சையில் தேறி அயர்லாந்து போவது, பிறகு அவனையும் அழைத்துக்கொள்வது என்பது திட்டம். "அந்த ஊரு லாரிக்கும் வயரு இருக்குமில்ல, பொழச்சிக்கறேன்" என்பான்.

மறுநாளிலிருந்து, காலையில் அவளை பைக்கில் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து விடுகிற நேரம் வார்த்தைக்கான நேரமாகிவிட்டது. அவள் பின்னால் உட்கார்ந்து வார்த்தையையும் அர்த்தத்தையும் சொல்வாள். பஸ் வருவதற்குள் அவன் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். தமிழில்தான் சொல்வான். வார்த்தை மட்டும் இங்கிலீஷ்.

விட்டு விட்டு வருவது என்று அவள் 'இன்டர்மிட்டென்ட்' சொன்ன அன்று, "எங்கம்மாவுக்கு உம்மேல வர்ற கோவம் இன்டர்மிட்டென்ட்" என்றான். 'டினை' என்ற வார்த்தைக்குத்தான் அவள் நிறைய விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வலி இருக்கிறதா என்று கேட்டு, நோயாளி இல்லையென்று சொன்னால், பேஷன்ட் டினைஸ் பெயின் என்று எழுத வேண்டும். அவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை. கேட்டதற்கு இல்லையென்றான், அவ்வளவுதான். அலெக்ஸ் தலையாட்டினான். "ஹாரன் வயர நீயா புடுங்கினேன்னு கிளீனர கேட்டேன். டினை பண்றான். பொய்யா மெய்யான்னு எனக்குத் தெரியாது. சரியா?"

சரியாக இருந்தது. அவன் சொன்ன வாக்கியத்தை பஸ்ஸில் உட்கார்ந்து அவள் இங்கிலீஷில் மாற்றிப் பார்ப்பாள். வார்த்தை இப்போது நேராக உட்கார்ந்தது.

'பேலியேட்டிவ்' அவன் கடையில் வைத்துச் சொன்ன வார்த்தை. அன்று அவளுக்கு லீவு. மதியம் சோறு எடுத்துப் போயிருந்தாள். அவன் ஒரு பழைய பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நோயக் கொணப்படுத்த முடியாது. வலி தெரியாம, கஷ்டம் தெரியாம பாத்துக்கறது. அந்த வைத்தியத்துக்குப் பேரு பேலியேட்டிவ்" என்றாள்.

அவன் யோசிக்கவே இல்லை. "இந்த பேட்டரிக்கு நான் இப்போ பண்றது பேலியேட்டிவ். சென்னை வரைக்கும் ஓடும். அதுக்கு மேல ஓடாது. டிரைவருகிட்டயும் சொல்லிட்டேன்."

இதைவிட நல்ல வாக்கியம் வகுப்பில் யாரும் சொல்லவில்லை என்று வெனிலா செண்பகத்திடம் பெருமை பேசினாள்.

அடுத்த தவக்காலத்தில் அலெக்ஸ் இளைத்தான். தவக்காலம் முழுக்கக் கறி மீன் தொடமாட்டான்; வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை சோறு. அதனால் இளைக்கிறான் என்று வீட்டில் நினைத்தார்கள். சாப்பிட்டதும் மேல்வயிறு வலித்து முதுகுக்கு ஓடுகிறது என்றான். நேரங்கெட்ட நேரத்தில் ரோட்டுக்கடை பரோட்டா தின்கிற ஆளுக்கு அல்சர் வராமல் வேறு என்ன வரும் என்று, வெனிலா ஆஸ்பத்திரியிலிருந்து கேஸ் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள். ஈஸ்டர் போய் வெகுநாளாகியும் அவன் உடம்பு ஏறவில்லை. ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில், வெயிலில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததைப் பார்த்தாள். வந்த பஸ்ஸில் அவள் ஏறவில்லை.

லூர்துசெல்வி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்தாள். வெனிலா அவனைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள். பித்தம் இறங்க உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்தபோது வராந்தாவில் நின்றபடியே அவள் படித்தாள். கணையத்தில் கட்டி. ஈரலிலும் பரவியிருக்கிறது. மேலே படிக்கிறாள்: மண்ணீரல் அன்ரிமார்க்கபிள், இரண்டு கிட்னியும் அன்ரிமார்க்கபிள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலெக்ஸ் கேட்டான். "இன்னா போட்டுக்கிறான்?"

"மண்ணீரல் அன்ரிமார்க்கபிள். கிட்னி அன்ரிமார்க்கபிள்" என்றாள்.

"அப்போ நல்லாத்தான் இருக்குது."

"ஆமாங்க."

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ரிப்போர்ட்டில் இருந்ததைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் வெகுநேரம் நின்றாள்.

டாக்டர் கோதண்டபாணி நல்ல மனிதர். வெனிலா நர்ஸ் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அலெக்ஸின் கையில் கிரீஸ் கறை தழும்பாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அவர் அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். அவர் மட்டுமல்ல, எல்லா டாக்டர்களும் செய்வதுதான். நோயாளிக்குக் கேட்கக் கூடாததை நோயாளியின் தலைக்கு மேல் பேசுவார்கள். வெனிலாவும் எத்தனையோ பேர் தலைக்கு மேல் பேசியிருக்கிறாள்.

"சர்ஜரி இஸ் நாட் பாசிபிள், சிஸ்டர். இட் ஹாஸ் ஸ்பிரெட். அட் திஸ் ஸ்டேஜ், ஒன்லி பேலியேட்டிவ். எ ஃபியூ மந்த்ஸ்." பிறகு அலெக்ஸைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "மருந்து எழுதித் தர்றேன். நல்லா சாப்பிடுங்க. தைரியமா இருக்கணும்."

"சரிங்க சார்" என்றான் அலெக்ஸ். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததால் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். வளவனூர் தாண்டும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அந்த வார்த்தையை அவள் சொல்லித் தந்திருக்கிறாள். பேட்டரி வாக்கியமும் நினைவுக்கு வந்தது. மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்புக்கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை வார்த்தை சொன்னோம், எல்லாமா நினைவிருக்கும்? அவனும் ஒன்றும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் இறங்கும்போது மட்டும், "பாத்து எறங்கு" என்று அவள் கையைப் பிடித்தான். பிடித்த கையை பஸ் ஸ்டாண்டு முழுக்க விடவில்லை. ரோட்டில் அவள் கையைப் பிடித்து நடக்கிற ஆள் இல்லை அவன்.

வீட்டில் லூர்துசெல்வியிடம் அல்சர் என்று சொன்னாள். பெரிய அல்சர், ஆற நாளாகும். அலெக்ஸும் தலையாட்டினான். வார்டில் செண்பகத்திடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டு, வெனிலா லீவு போட்டுக் கூடவே இருந்தாள். ஆன்லைன் வகுப்பை அணைத்து வைத்தாள். வலிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம், "பேஷன்ட் டினைஸ் பெயின், சிஸ்டர்" என்பான். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு சொல்வான். அவள் மாத்திரையைக் கொடுப்பாள்.

ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம், லூர்துசெல்வி கேப்பைக் கஞ்சி கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டு நின்றாள்.

"ஏம்மா வெனிலா, பாண்டில அந்த டாக்டரு இங்கிலீஷுல பேசினாருன்னியே. இன்னா சொன்னாரு? அல்சரு இம்மா நாளா இருக்குமா?"

"அல்சர்தான் அத்த. காரம் சேக்கக் கூடாதுன்னாரு. அதான் பேசினாரு."

லூர்துசெல்வி ஒரு பெருமூச்சோடு மாதா கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் அலெக்ஸ் கண்ணைத் திறந்தான்.

"வெனிலா. அம்மாகிட்ட டினை பண்ணு. எங்கிட்ட வேணாம்."

ஆற்றிக்கொண்டிருந்த கஞ்சியை அவள் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"நீ சொல்லிக்குடுத்ததுதான. ரூமுலயே தெரிஞ்சிபோச்சு."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ மறைக்கறதுக்கு அவ்ளோ பாடுபட்டுக்கினு இருந்தே. அத ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அழுது ஓய்ந்தபிறகு அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. அவனும் லேசாகிவிட்டான். அதற்கப்புறம் வலித்தால் வலிக்கிறது என்று சொன்னான். எங்கே அடக்கம் பண்ண வேண்டும், கடையை யாரிடம் விட வேண்டும் என்றெல்லாம் பேசினான். அவள் எதையும் தடுக்காமல் கேட்டாள். ஒன்றை மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அப்பா செத்தபோது அவள் பட்ட பாட்டை அவன் கூடவே இருந்து பார்த்தவன். "தெரிஞ்சா இப்பவே செத்துடுவா. அந்த நாளு வர்ற அன்னைக்குத் தெரிஞ்சா போதும்."

ஆகஸ்ட் கடைசியில் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பினார்கள். லூர்துசெல்வி மகனுக்காக நேர்ந்துகொண்டு காவிச் சேலை கட்டினாள். அறுபதைத் தாண்டியவள். அத்தனை தூரம் நடக்க வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

வெனிலா அலெக்ஸின் காலை அமுக்கிப் பார்த்தாள். அவன் கால் வீங்கியிருந்தது. வயிற்றில் நீர் கோத்திருந்தது. இப்படி எத்தனை பேரை வார்டில் பார்த்திருக்கிறாள். டாக்டர் சொன்ன மாசங்கள் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அத்தைய நிறுத்தட்டுமா?" என்று அலெக்ஸிடம் கேட்டாள்.

"போவட்டும். இங்க இருந்தா நான் படறத பாத்துக்கினு கெடப்பா. அங்க போனா நம்பிக்கையோட நடப்பா."

கிளம்பும்போது லூர்துசெல்வி மகன் நெற்றியில் சிலுவை போட்டாள். வாசல் வரைக்கும் வந்தவள், மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நீ நர்ஸு. ஒனக்குத் தெரியும். நான் போலாமா? திரும்பி வர்ற வரைக்கும் தாங்குவானா?"

"போய்ட்டு வாங்க அத்த. நான் பாத்துக்கறேன்" என்றாள் வெனிலா.

கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு மயிலம் ரோட்டு முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள். ஓடிப்போய்க் கூப்பிட்டுவிடலாமா என்றிருந்தது. கூப்பிடவில்லை.

அவர்கள் சிதம்பரம் தாண்டிய அன்று காலையில் அலெக்ஸ் ரத்தமாக வாந்தி எடுத்தான். வெனிலா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் போன் அடித்தாள். நடைக்காரர்கள் போனைப் பையில் போட்டு, பையைக் கூடவே வருகிற மைக் செட் ஜெனரேட்டர் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். மணி அடித்து அடித்து நின்றது. கடைசியில் யாரோ எடுத்து, லூர்துசெல்வியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தபோது நண்பகல் ஆகியிருந்தது.

"அம்மா எங்க?" என்று அலெக்ஸ் கேட்டான்.

"வந்துகினே இருக்காங்க."

போனை அவன் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மைக் செட் பாட்டும், வண்டிகள் போகிற இரைச்சலும். அதற்கு நடுவில் லூர்துசெல்வி, "அலெக்ஸு, அலெக்ஸு, இன்னாடா பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. வெனிலா போனை எடுத்து என்ன சொன்னாள் என்பது அவளுக்கே பின்னால் ஞாபகம் வரவில்லை.

யாரோ கார் பிடித்து அனுப்பி வைத்தார்கள். லூர்துசெல்வி வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெறுங்காலோடு, காவிச் சேலை முழுக்கத் தார் ரோட்டுப் புழுதியோடு வந்தாள். பாதம் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. அலறுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் அலறவில்லை. பெட்டியின் கண்ணாடியைச் சேலை முந்தானையால் துடைத்தாள். மறுபடி பனி படிந்தது, மறுபடி துடைத்தாள். மறுநாள் அடக்கத்துக்குத் தூக்குகிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அல்சர் வெடித்துவிட்டது என்றுதான் அவள் நம்பினாள். வருகிறவர்களிடமும் அப்படியே சொன்னாள். வெனிலா தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வராது.

முப்பதாம் நாள் பூசைக்கு செண்பகம் வந்திருந்தாள். சாப்பிட்டு எழுந்து, லூர்துசெல்வியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். "மனச தேத்திக்குங்கம்மா. டாக்டருதான் அப்பவே சில மாசம்னு சொல்லிட்டாரே. அதுக்கு மேல யாரு இன்னா பண்ண முடியும்?"

லூர்துசெல்வி அவளை வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைத்தாள். பந்தி முடிந்து, எல்லாரும் போய், வெனிலா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுப்பங்கரை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அந்த டாக்டரு இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

வெனிலா ஈரக் கையோடு நின்று, டாக்டர் சொன்னதை அவர் சொன்ன இங்கிலீஷிலேயே ஒரு தடவை சொன்னாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். ஆபரேசன் பண்ண முடியாது. பரவிப்போச்சு. இனிமே வலி தெரியாம பாத்துக்கறது மட்டுந்தான். சில மாசம். பரீட்சையில் எழுத முடியாமல் போன எல்லா வாக்கியத்தையும்விட அது கஷ்டமாக இருந்தது. ஆனால் எதையும் விடாமல் சொன்னாள்.

"அவனுக்குப் புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது அத்த."

"அப்போ நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க. இந்த வூட்டுல இங்கிலீஷு தெரியாதவ நான் ஒருத்திதான்."

வெனிலா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஏன் நடக்கறேன்? ஊரு ஊரா நடந்து போற நேரத்துல அவன் தலமாட்டுல குந்திக்கினு இருந்திருப்பேனே. ஒருவாய் தண்ணி என் கையால குடிச்சிருப்பானே." குரல் உயரவில்லை. ஜெபமாலை சொல்வதுபோல ஒரே சீராகச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "சொல்ல வேணாம்னு அவன் சொன்னானா?"

ஆமாம் என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அது உண்மையும்கூட. ஆனால் ஆமாம் என்றால், மகனே தன்னைத் தள்ளி வைத்துவிட்டுச் செத்தான் என்று ஆகிவிடும். வெனிலா அந்தக் கிழவியின் பாதத்தைப் பார்த்தாள். கொப்புளம் ஆறிய இடத்தில் தோல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இல்ல அத்த. நான்தான் சொல்லல. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நானா நெனச்சிக்கினேன்."

லூர்துசெல்வி நம்பினாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே திண்டிவனத்தில் இருக்கிற மகள் வீட்டுக்கு, இரண்டு பையில் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடவில்லை. போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

வெனிலா மறுபடி வேலைக்குப் போகிறாள். பரீட்சைக்குப் பணம் கட்டி வைத்திருந்த தேதி வந்தது, போனது. செண்பகம் தேறி அயர்லாந்து போய்விட்டாள். அங்கிருந்து கூப்பிட்டு, இப்போதாவது எழுது என்கிறாள். பார்க்கலாம் என்று வெனிலா சொல்வாள். வார்டில் ரவுண்ட்ஸ் வரும்போது, நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பித்தால், "சார், வெளிய போய்ப் பேசலாமா?" என்கிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் வெளியே வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திண்டிவனம் பஸ் ஏறுவாள். நாத்தனார் வீட்டுக் கூடத்தில் லூர்துசெல்வி டீ போட்டுக் கொடுப்பாள். நாத்தனார் மகளுக்கு வரன் பார்ப்பது, மழை பிடித்துக் கொல்லையில் மல்லாட்டை பறிக்க முடியாமல் கிடப்பது, மூட்டுவலிக்கு என்ன மாத்திரை என்பது, இவற்றைப் பற்றிப் பேசுவார்கள். அலெக்ஸ் பேர் வராது. வெனிலா அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரைகளை வேளைக்கு வேளை பிரித்து வைப்பாள். லூர்துசெல்வி மறுக்காமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் முடிந்ததும், "பஸ்ஸு கூட்டமாயிடப் போவுது, ஜல்தி கெளம்பு" என்பாள். வெனிலா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவாள்.